நீங்கள் நினைக்கிற பிழை அல்ல

கோலியர்ஸ் வுட்டில் மீன் வாங்க வரிசையில் நின்றபோது பெனடிக்ற் அண்ணையிடமிருந்து தொலைபேசி வந்தது. எங்கள் பகுதித் தமிழ்க் கத்தோலிக்கரின் கோயில் சபைக்கு நெடுங்காலம் தலைவராக இருந்தவர் அவர். எப்போதும் உரத்துப் பேசுகிறவர் அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வத்சலா, எங்கட பழைய ஃபாதர் தவறிட்டாராம். எட்மண்டனில. நித்திரையிலேயே உயிர் போட்டுது."

"ஆர், மரியநாயகம் ஃபாதரோ?"

"ஓம், அவர்தான்." பிறகு, "செத்தவீட்டுக்குப் போறியளோ?" என்று கேட்டார்.

"போறன். நீங்கள்?"

"பாப்பம்."

எங்கள் பேச்சில் 'பாப்பம்' என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் வரவில்லை. இதை வாசிக்கிற உங்களில் பெரும்பாலானோரும் வரவில்லை. அதற்காக உங்களோடு கோபித்துக்கொண்டு இதை எழுதவில்லை. ஃபாதரைப் பற்றி நீங்கள் நம்பிய கதை உண்மையல்ல. உண்மையில் என்ன நடந்தது என்று அவரை அடக்கம் செய்த அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. அதைச் சொல்லும் உரிமை உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. எழுதச் சொன்னவர் அவரேதான்.

நான் கோயிலுக்குப் போகிற ஆள் அல்ல. நெற்றியில் திருநீறு பூசுகிற குடும்பம். ஃபாதரை நான் முதலில் கண்டது ஒரு வாசகராக. என் சிறுகதைத் தொகுப்புக்கு நடந்த கூட்டத்தில் எல்லோரும் புகழ்ந்து முடித்த பிறகு, பின்வரிசையிலிருந்து சாதாரணச் சட்டையில் ஒருவர் எழுந்தார். "மிஸிஸ் வத்சலா, உங்கட கதையில வாற பாதிரியார் பொய். தனக்கு நல்ல பேர் வேணுமெண்டு ஒருநாளாவது நினைக்காத பாதிரியை நான் கண்டதில்லை. நானும் பாதிரிதான்," என்றார். மண்டபம் சிரித்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து அந்தக் கதையைத் திரும்ப வாசித்தபோது அவர் சொன்னது சரியாகவே பட்டது.

அந்தப் பழக்கத்தில்தான் மாதம் ஒருமுறை கோயில் மண்டபத்தில் வாசிப்புக் கூட்டம் தொடங்கினோம். எதை வாசிப்பது என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது: விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில நாவல்கள், அவற்றிலும் பாதிரிமாரைப் பற்றியவை. அவர் குருமடத்தில் படித்த காலத்தில் வெள்ளைக்காரக் குரு ஒருவர் விட்டுப்போன புத்தக அலுமாரி ஒன்று அங்கே இருந்ததாம். குருமாணவர்கள் அதைத் தொடுவதில்லை. இவர் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்திருக்கிறார். பதவிக்கும் நேர்மைக்கும் நடுவில் அகப்பட்ட முதிய பாதிரி, விசுவாசம் போனபின் பிரசங்க மேடையில் எப்படி ஏறுவது என்று தவிக்கிற பாதிரி, ஊர் வாயில் விழுந்து பத்திரிகையில் நாறிப்போன பாதிரி எல்லோரையும் தன் சொந்தக்காரரைப் போலச் சொல்வார்.

"இந்தக் கதையளில ஒரு விசயத்தைக் கவனியுங்கோ," என்பார். "பத்திரிகைக்காரன் வந்து கதவைத் தட்டும்வரைக்கும் பாதிரியாரின்ர மனச்சாட்சி நித்திரை. ஊர் கதைக்கத் தொடங்கினாப் பிறகுதான் அது முழிக்கும். அப்ப அது மனச்சாட்சியோ, வெட்கமோ? அதைத்தான் இந்த எழுத்தாளர்கள் நோண்டுகினம்."

ஒரு மாலை, தான் முன்பு ஒரு பெண்ணுக்குச் செய்த குற்றத்தைச் சபை முன் எழுந்து சொல்லி அழுகிற பாதிரி ஒருவனின் கதையை வாசித்தோம். பெனடிக்ற் அண்ணை உட்பட எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்கு மட்டும் எரிச்சல். "அவர் அழுது முடிச்சு நெஞ்சு லேசாகிப் போட்டார். அந்தக் கதையில வாற பெண் அடுத்தநாள் கடைக்கு எப்பிடிப் போறது, ஃபாதர்? ஊர் முழுக்க இப்பத் தெரியுமெல்லோ," என்று கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "தெரியேல்லை. நான் இவ்வளவு காலமும் பாதிரியாரோடதான் நிண்டு வாசிச்சிருக்கிறன்," என்றார். அன்று அதற்குமேல் கூட்டம் ஓடவில்லை. பற்றீஸும் தேநீரும் எடுத்துவிட்டுக் கலைந்தோம்.

அதற்கு அடுத்த ஆண்டுதான் கதை வெளிக்கிட்டது. உங்களுக்கு நினைவிருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு படம். குரோய்டனில் ஏதோ ஒரு வீட்டு வாசலில் இரண்டு கையிலும் சாமான் பைகளோடு நம் ஃபாதர். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நின்ற ஆளின் கை மட்டும் தெரிந்தது, வளையல் போட்ட கை. யார் எடுத்தது என்று தெரியாது. கீழே ஒரு வரி: 'வாரா வாரம் எங்கே போகிறார் எங்கள் பங்குத்தந்தை?' அவ்வளவுதான். மிச்சத்தை நாங்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிக்கொண்டோம்.

நான் நேரே அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். "இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ ஃபாதர். நான் போய் எல்லாரோடயும் சண்டை பிடிக்கிறன்."

"இல்லைத்தான். நீங்கள் நினைக்கிற மாதிரி ஒண்டுமில்லை."

"அப்ப அதைச் சொல்லுங்கோவன். அந்த வீட்டில ஆர், ஏன் போனனீங்கள் எண்டு சொன்னா முடிஞ்சுது."

"அதைத்தான் சொல்லேலாது."

"ஏன்?"

அவர் எழுந்து யன்னலை மூடினார். வெளியே திருப்பலிக்கு வந்த பெண்கள் கார் நிறுத்துமிடத்தில் நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வத்சலா, கதவு பூட்டிக் கிடக்கு. திறப்பு என்னட்டை இல்லை. வேற ஒராளிட்டை இருக்கு. அவையாத் திறந்தால் தவிர நான் வெளியில வரக் கூடாது," என்றார். நான் கோபத்தோடு வந்துவிட்டேன். இது என்ன கதை, இருபத்தோராம் நூற்றாண்டில், என்று பேருந்தில் எனக்குள் கத்திக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது.

அவருடைய கடைசிப் பிரசங்கத்தன்று நானும் போனேன். கோயில் நிரம்பி வழிந்தது. நத்தார்ப் பாலன் பிறப்புப் பூசைக்குக்கூட அவ்வளவு சனம் வந்ததில்லை. பலர் கைத்தொலைபேசியைத் தயாராகப் பிடித்திருந்தார்கள். நற்செய்தி வாசித்து முடித்து அவர் புத்தகத்தை மூடினார். பிறகு சொன்னார்:

"நான் ஒரு பிழை செய்தனான். அது நீங்கள் நினைக்கிற பிழை அல்ல. அதைவிடப் பெரியது. அதனால நான் உங்களுக்குக் குருவாக இருக்கத் தகுதியில்லை. என்னை மன்னியுங்கோ எண்டு உங்களைக் கேக்கேல்லை. மன்னிக்க வேண்டிய ஆள் நீங்கள் இல்லை."

இறங்கிப் போய்விட்டார். 'அதைவிடப் பெரியது' என்பதற்கு அன்று பின்னேரமே பொருள் கண்டுபிடிக்கப்பட்டது: பிள்ளையும் இருக்கிறதாம். அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டாராம். பெனடிக்ற் அண்ணை என்னிடமே சொன்னார், "பாத்தீங்களே, ஆள் தானாவே சொல்லிப்போட்டார்."

மேலிடத்தில் அவரை வேறு நாட்டில் ஒரு பங்குக்கு மாற்றிவிடலாம் என்றார்களாம். அவர் மறுத்து, பணியிலிருந்தே விடுவிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு நகரத்தின் வடகோடியில், எட்மண்டனில் கானா நாட்டுப் பெண்மணி ஒருவரின் வீட்டில் ஓர் அறை. ஒரு தபால் நிலையத்தில் கடிதங்களைத் தரம் பிரிக்கிற வேலை.

ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை நான் போவேன். அந்த அறையின் யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கையை நீட்டினால் செங்கல் தொடும். எட்மண்டனில் நம் ஆட்களும் இருக்கிறார்கள் என்பதால் அவர் தமிழ்க் கடைகளுக்குப் போவதில்லை. துருக்கிக்காரர் கடையில் வாங்கிய கத்தரிக்காயில் கறி வைத்துத் தருவார். ரயிலில் ஒருமுறை எங்களுக்கு எதிரே வந்து உட்கார்ந்த குடும்பம் ஒன்று அவரை அடையாளம் கண்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வேறு பெட்டியில் ஏறியது. சின்னப் பெண் ஒருத்தி யன்னலூடாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ஃபாதர் அவளுக்குக் கை காட்டப் போனவர், பாதியில் கையை இறக்கிக்கொண்டார்.

அந்த நாவல்களை மட்டும் விடவில்லை. பழைய புத்தகக் கடைகளில் வாங்கிக் கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்தார். "முந்தி வாசிச்ச கதையள்தான். ஆனா இப்ப வேற மாதிரி இருக்கு," என்றார் ஒருநாள். "அவமானப்பட்ட பாதிரியார் அறைக்குள்ள இருந்து கவலைப்படுறார் எண்டு நாலு பக்கம் எழுதுகினம். தேத்தண்ணி கொண்டுவாற வேலைக்காரப் பெட்டை அரை வரி. நான் இப்ப அந்த அரை வரியில நிண்டுகொண்டு மிச்சத்தைப் பாக்கிறன்."

"முடிவுகளாவது நல்லா இருக்குமே," என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. "கடைசியில உண்மை வெளியில வரும். ஆயர் வந்து கை குலுக்குவார்."

"ஓம். நல்ல கடைசி அத்தியாயங்கள்." அவர் கத்தரிக்காயைப் பிரட்டினார். "எனக்கு அது வரக் கூடாது எண்டுதான் ஒவ்வொரு நாளும் செபிக்கிறன். சில நாளில அந்தச் செபம் வாயில வராது."

இன்னொரு நாள் போனபோது அவர் முகம் அழுது வீங்கியிருந்தது. மன்னாரிலிருந்து அவருடைய அக்கா கூப்பிட்டிருக்கிறார். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவரை வளர்த்துக் குருமடத்துக்கு அனுப்பியது அந்த அக்காதான். ஊரில் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. "தம்பி, எனக்கு மட்டும் சொல்லு. அது உண்மையோ?" என்று கேட்டிருக்கிறார். "இல்லை அக்கா" என்று இவர் சொல்லியிருக்கிறார். "அப்ப எது உண்மை?" என்றதற்கு, "சொல்லேலாது அக்கா" என்றிருக்கிறார். அக்கா தொலைபேசியை வைத்துவிட்டார். பிறகு எடுக்கவேயில்லை.

"ஊருக்குச் சொல்ல வேண்டாம். அக்காவுக்கு மட்டும் சொல்லலாமே," என்றேன்.

"அக்கா தாங்க மாட்டா. தன்ர தம்பி நல்லவன் எண்டு வீட்டு வீடாப் போய்ச் சொல்லுவா. அன்பு உள்ளவைக்குத்தான் வத்சலா சொல்லேலாது."

அடக்கம் அங்கேயே ஓர் ஆங்கிலக் கோயிலில் நடந்தது. அவர் பின்வரிசையில் உட்கார்ந்து பூசை கண்ட கோயில். வீட்டுக்காரப் பெண்மணி, தபால் நிலையத்தில் கூட வேலை செய்த சிலர், நான். தமிழில் ஒரு பாட்டுக்கூட இல்லை. எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது, கறுப்புச் சேலை கட்டிய நடுவயதுப் பெண் ஒருவர் என்னிடம் வந்தார். வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினார். இடது காதில் கருவி இருந்தது.

"நீங்கள்தானே கதை எழுதுற வத்சலா அக்கா? ஃபாதர் உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். காருக்குள்ள வாங்கோ. குளிருது."

காருக்கு வெளியே அவருடைய கணவர் மழையில் நின்றார். அவரை உள்ளே வரச் சொன்னேன். "வேண்டாம் அக்கா. இவருக்கே நேற்றுத்தான் சொன்னனான். கொஞ்சம் நிக்கட்டும்," என்றார்.

அவர் பெயரை எழுத மாட்டேன். இது அவருடைய இரண்டாவது திருமணம். முதல் கணவர் அடிக்கிற ஆள். ஒருநாள் உடுத்திய உடுப்போடு வெளியேறி, குரோய்டனில் சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அந்த இடம் சிநேகிதிக்கு அடுத்தபடி தெரிந்த ஒரே ஆள் ஃபாதர். விசா அலுவல் பற்றி உதவி கேட்கப் போனபோது இந்தப் பெண்ணே சொன்னது. எதையும் வெளியே சொல்லக் கூடாத பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, அலுவலக மேசையில்.

சில நாட்களில் கணவர் ஃபாதரிடம் வந்திருக்கிறார். காலைப் பிடித்து அழுதிருக்கிறார். தாய்க்குக் கடுமை, சாகக் கிடக்கிறா, ஒருதரம் மருமகளோடு கதைக்க ஆசைப்படுகிறா, ஒரே ஒருதரம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறேன் என்று. குடும்பம் ஒன்று சேர்ந்துவிடும் என்று ஃபாதர் நம்பினார். விலாசத்தைச் சொன்னார்.

"முதல் மனுசன் அண்டைக்கே வந்தவர்," என்றார் அவர். காதுக் கருவியைத் தொடவில்லை. கை தானாக அந்தப் பக்கம் போய் மடியில் இறங்கியது. "ஆஸ்பத்திரிக்கு ஃபாதர் வந்தார். வந்து நிண்டபடியே சொன்னார், 'நான்தான் சொன்னனான் பிள்ளை' எண்டு. எனக்குத் தெரியும். வேற ஆர் சொல்லுறது? பொய் சொல்லுவார் எண்டு நினைச்சன். சொல்லேல்லை."

அடுத்த ஞாயிறு பீடத்தில் எல்லோர் முன்பும் இதைச் சொல்லப்போவதாக ஃபாதர் துடித்திருக்கிறார். இவர்தான் தடுத்தார். ஊரில் தங்கைக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அடிபட்டதும் வீட்டைவிட்டு வந்ததும் அங்கே யாருக்கும் தெரியாது. முதல் கணவர் சிறைக்குப் போய் அங்கிருந்து நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது கூட வேறு ஏதோ விசா பிரச்சினை என்றே வெளியில் சொல்லப்பட்டது.

"நான் கேட்டனான், 'நீங்கள் சொன்னா உங்களுக்கு நெஞ்சு லேசாகும், எனக்கு?' எண்டு. 'இதையே ஒராள் என்னட்டை முந்திக் கேட்டவ' எண்டார். பிறகு, 'நீங்களாச் சொல்லச் சொன்னால் தவிர நான் வாய் திறக்க மாட்டன்' எண்டு சத்தியம் பண்ணினார். மேலிடத்துக்கு மட்டும், என்ர பேர் இல்லாமல் சொல்ல என்னட்டைக் கேட்டுத்தான் சொன்னவர்."

அந்தப் பெண் எழும்பி நடக்க முடியாதிருந்த மாதங்களில் வாரா வாரம் சாமான் வாங்கிக்கொண்டு வந்தவர் ஃபாதர். படம் வெளிவந்தபின் வருவதை நிறுத்திக்கொண்டார்.

"அந்தப் படம் வந்தவுடன எனக்கு விளங்கிச்சுது, அவர் என்ன பாடுபடப் போறார் எண்டு. நான் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அவர் தப்பியிருப்பார். சொல்லேல்லை. தங்கச்சியின்ர கல்யாணம் முடியட்டும் எண்டு இருந்தன். பிறகு நான் இவரைக் கட்டினன். இவரின்ர ஆக்களுக்குத் தெரியக் கூடாது எண்டு இருந்தன். நத்தார் நத்தாராய் ரெலிபோனைக் கையில எடுப்பன். வைச்சிடுவன். அக்கா, நான்தான் அவரைப் பூட்டி வைச்சனான். தெரிஞ்சுதான் வைச்சனான்."

தேற்றச் சொல்லி அவர் கேட்கவில்லை.

"எழுதுங்கோ," என்றார். "ஆனா நான் அவரை மன்னிச்சிட்டன் எண்டு எழுதிப்போடாதேங்கோ. மன்னிக்கேல்லை. இந்தக் காதில இப்பவும் இரைச்சல் கேக்குது. ஆனா என்ர வாழ்க்கையில நான் 'வேண்டாம்' எண்டு சொன்னதைக் கேட்ட ஒரே ஆம்பிளை அவர்தான். இரண்டையும் எழுதுங்கோ."

இரண்டையும் எழுதிவிட்டேன்.

எழுதிவிட்டு இதை முதலில் பெனடிக்ற் அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். தாள்களை வாங்கித் தானும் ஒருதரம் வாசித்தார். பிறகு, "அப்ப நாங்கள்?" என்றார். மன்னாரில் அக்கா இன்னும் இருக்கிறார். அவருக்கு இதை யார் வாசித்துக் காட்டுவது என்று கேட்டேன். "நான் போறன்," என்றார். 'பாப்பம்' என்று சொல்லவில்லை.

ஃபாதர் மரியநாயகம் புனிதர் அல்ல. இரக்கத்தால், ஒரு பெண்ணை அவளை அடிக்கிறவன் கையில் கொடுத்தவர். இரக்கத்தால் என்று நான் எழுதுவதைக் கேட்டால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒருமுறை எட்மண்டன் அறையில், எதைப் பற்றியென்று அப்போது எனக்கு விளங்காமலே, அவர் சொன்னது: "பிரிஞ்ச குடும்பத்தைச் சேர்த்துவைச்ச பாதிரி எண்டு பேர் எடுக்கிறதில ஒரு ருசி இருக்கு வத்சலா. அந்த ருசியிலதான் மனிசர் கண்ணை மூடுறது."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு சின்னப் பழக்கம்தான். போன கிழமை கடையில் நன்கு தெரிந்த ஒருவர் என்னைக் கண்டு, "உங்கட தெருவில முந்தி இருந்த பிள்ளை இப்ப எங்க இருக்குது? ஒரு நல்ல விசயம் கதைக்க வேணும்," என்றார். நல்ல மனிதர், வயதானவர், கையில் பேரப்பிள்ளைக்கு வாங்கிய இனிப்பு. அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். முன்பென்றால் வாயில் வந்திருக்கும்.

"அவவிட்டைக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்," என்றேன்.

"என்ன, என்னை நம்பேல்லையோ?" அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"அப்பிடியில்லை ஐயா. அவவிட்டைக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்."

வீட்டுக்கு வந்து அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த ஐயாவின் பெயரைச் சொன்னதும் மறுமுனையில் கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லாதேங்கோ அன்ரி," என்றாள். நான் சொல்லவில்லை.